யோகேஸ்வரி வீட்டுக் கதவு

தெருவில் அநேகமாக எல்லாக் கதவிலும் ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. யோகேஸ்வரி மட்டும் தன் வீட்டில் ஒட்ட விடமாட்டேன் என்கிறாள்.

‘போதையில்லா இல்லம்’ என்று சிவப்பு எழுத்தில் அடித்த வட்ட ஸ்டிக்கர். சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் இருந்து மகளிர் குழுவுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். எந்த வீட்டில் யாருக்கும் பழக்கம் இல்லையோ அந்த வீட்டில் ஒட்டவேண்டும். எந்த வீடு என்று குழுவே பார்த்து முடிவு பண்ணிக்கொள்ளலாம்.

குழுத் தலைவி ஜெபராணிக்குத் தலைகால் புரியவில்லை. இதுவரைக்கும் போதை ஒழிப்புக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால், கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு மிக்சர் பொட்டலத்தோடு திரும்பி வருவார்கள். இந்தத் தடவை, நல்லாச் செய்த குழுவை மேடையேற்றிப் பேச விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை அந்த ஆபீஸ் மேடம் நேரில் பார்க்க வருகிறார்.

முடிவு பண்ணுவதில்தான் முதல் சிக்கல். சரக்கும் போதைதானே என்று குழுவில் இருந்த பாண்டிலட்சுமி கேட்டுவிட்டாள்.

“சரக்கச் சேத்தா ஸ்டிக்கர் பூராம் கட்டுக்கட்டா நம்ம கையிலதான் இருக்கும்,” என்றாள் ஜெபராணி. “சனிக்கெழம சம்பளம் வாங்குனா எந்த வீட்டுல எவன் நேரா நடந்து வாரான்? அத கவர்மெண்டே விக்கிது. நாம கஞ்சா, மாத்திரை, அம்புட்டுத்தான் பாக்கணும்.”

எல்லாரும் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். முதல் ஸ்டிக்கர் ஜெபராணி வீட்டுக் கதவில்தான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவள் வீட்டுக்காரர் ஞானமுத்து சர்ச்சுக்குக்கூடப் போகாமல், முந்தின நாள் மயக்கத்தில் உள்ளே குப்புறக் கிடந்தார்.

கணக்கில் சேராமல் போனது இருளம்மாள் வீடு ஒன்றுதான். அவள் மகன் சிவபாண்டி மாத்திரைப் பழக்கத்தில் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து தெளிந்து, இப்போதுதான் பட்டாசுக் கம்பெனி வண்டியில் வேலைக்கு ஏற ஆரம்பித்திருந்தான். கொஞ்ச நாள் போகட்டும், பார்த்து ஒட்டிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இருளம்மாளும் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் சிவபாண்டி வண்டிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றாள்.

இருளம்மாளுக்கு அடுத்த வீடு யோகேஸ்வரி வீடு. அவள் புருசன் மகேஷ்குமார் பீடி வாசனைக்கே தும்முகிற ஆள். அந்த வீட்டில் ஒட்ட விடவில்லை என்றால் என்ன அர்த்தம்?

கேட்டால், கதவுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறோம் என்றாள். அப்புறம், நல்ல நாள் பார்த்து ஒட்டிக்கிறேன் என்றாள். அதற்கும் பிறகு பேச்சையே மாற்றினாள்.

தெரு சும்மா இருக்குமா. மகேஷ்குமார் கண் கொஞ்ச நாளாகவே சிவந்திருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். கம்பெனியில் கந்தகம் பட்டுச் சிவந்திருக்கும் என்று இன்னொருத்தி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. குழாயடிக்கு யோகேஸ்வரி வந்தால் பேச்சு நின்றது.

ஜெபராணி நேராகவே கேட்டாள். “ஏ யோகேசு, உள்ளத மறைக்காதடி. வீட்டுல எதும் இருக்கா?”

“இல்லக்கா.”

“அப்ப ஒட்டுறதுக்கு என்ன நோவு ஒனக்கு? நா மேடையேறுனா பொறுக்காது, அதான?”

யோகேஸ்வரி சிரித்துவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை மேடம் வந்தார். கதவு கதவாகப் பார்த்து, நல்லாச் செஞ்சிருக்கீங்க என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவு வெறுமனே இருப்பதைப் பார்த்து நின்றார். ஜெபராணிக்கு முகம் செத்துப்போனது.

ஒரு வாசலில் யோகேஸ்வரி நின்றாள். இன்னொரு கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் இருப்பது மட்டும் தெரிந்தது.

மேடம் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். “இதுல எந்த வீட்டுலம்மா பழக்கம் உள்ளவங்க இருக்காங்க?”

ஜெபராணி வாயைத் திறப்பதற்குள் யோகேஸ்வரி முந்திக்கொண்டாள்.

“ஒங்களுக்குப் பாத்தாத் தெரியுதா மேடம்?”

மேடம் இந்தக் கதவையும் அந்தக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். “தெரியலையே.”

“அதுக்குத்தான் மேடம் ஒட்டல. நானும் ஒட்டிட்டா ஒத்தக் கதவு மட்டும் மொட்டையா நிக்கும். தெளிஞ்சு வந்த பிள்ள அதத் தெறந்துகிட்டு எப்படி வெளிய வரும்?”

சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால் இருளம்மாள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“ஸ்டிக்கர் அடிக்கிறதுக்கு முன்னாலயே உங்களக் கேட்டிருக்கணும்,” என்றார் மேடம். “அடுத்த கூட்டத்துல நீங்க மேடைக்கு வந்து இதச் சொல்லுங்க.”

யோகேஸ்வரிக்கு உடம்பு கூசிவிட்டது. “அய்யோ, எனக்கு அதெல்லாம் வராது மேடம். எங்க ஜெபராணியக்கா நல்லாப் பேசுவாக. அவுக சொல்லுவாக.”

ஜெபராணி தரையைப் பார்த்தாள்.

மேடத்தின் வண்டி தெருவைத் தாண்டுவதற்குள் பாண்டிலட்சுமி தன் வீட்டு ஸ்டிக்கரை உரிக்க ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து எதிர் வீடு.

மறுநாள் காலையில் கம்பெனி வண்டி வந்து ஆரன் அடித்தது. சிவபாண்டி தூக்குவாளியோடு வெளியே வந்தான். ஜெபராணி தோசைக் கரண்டியை வைத்துத் தன் வீட்டுக் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பாதிதான் வந்திருந்தது.

“சித்தி, தேங்கா எண்ண தடவி ஊறவிடுங்க, வந்துரும்,” என்று சொல்லிவிட்டு அவன் வண்டியில் ஏறினான்.

கரண்டிச் சத்தத்தில் தூக்கம் கலைந்த ஞானமுத்து தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். நல்லா ஒட்டுன ஸ்டிக்கர எதுக்குக் காலங்காத்தால சுரண்டுற என்று கேட்டார்.

ஜெபராணி கரண்டியை நிறுத்தாமலே சொன்னாள்.

“இந்தத் தெருவுலயே ஒட்டக் கூடாத கதவு இது ஒண்ணுதாங்க.”