சடை விழுந்த முயல்

டாக்டர் முயலின் ரோமத்தை விலக்கிப் பார்த்தார். சடை விழுந்த இடத்தில் தோல் புண்ணாகிச் சிவந்திருந்தது.

"கத்தரி பட்டா தோல் கிழிஞ்சிரும். மெஷின்லதான் எடுக்கணும். தினமும் சீவி விட்டிருந்தா இந்தக் கதி வருமாம்மா?"

"அது வீட்டுக்காரர் பொறுப்பு சார். ஆசைப்பட்டு வாங்கிட்டு வந்தவரே அவர்தான்" என்றாள் அவள்.

"அந்த மனுஷன் சீப்பைக் கண்ணால பார்த்ததே இல்லையா?"

அவள் டாக்டரின் புதுக் கிராப்பைப் பார்த்தாள். சொல்லலாமா, வேண்டாமா என்று யோசித்தாள். பிறகு சொல்லியே விட்டாள்.

"வாரத்துல ஒரு நாள்தான் அவருக்கு லீவு. நேத்து சீவலாம்னு இதைத் தூக்கி மடியில வெச்சாரு. அவசர மீட்டிங்னு நீங்கதான் போன் போட்டு, சலூனைத் திறக்க வெச்சீங்க."

டாக்டரின் கை தானாகப் பிடரிக்குப் போனது. ஒரு முடிகூடப் பிசிறில்லை.