துணைக்கு வரும் அம்மா

கேளிக்கைப் பூங்காவுக்கு முதன்முறையாகச் செல்லும் அந்த அரைநாளுக்கு, புளியோதரை முதல் மாற்றுடை வரை எல்லாவற்றையும் குமுதவல்லி ஒழுங்குபடுத்திவிட்டாள். துணையைத் தேர்ந்தெடுப்பது மட்டும் மகள் யாழினியின் உரிமை. குழந்தை யாரைக் கேட்கிறதோ அவரைப்போலவே ஓர் உருவத்தைப் பூங்கா செய்து, ராட்டினத்தில் உடன் அமர்த்தும்.

"உங்க அத்தையத்தானே கேட்டே?" நாத்தனாரை நினைத்ததுமே குமுதவல்லிக்கு வயிறு எரிந்தது.

"இல்லம்மா, உன்னத்தான்."

நெஞ்சு குளிர்ந்தது. கைபேசித் திரையில் பூங்கா அனுப்பிய மாதிரிக் காட்சி ஓடியது. அதே முகம், அதே மூக்குத்தி. காட்சிக்குள் யாழினி ஐஸ்கிரீமைச் சட்டையில் சிந்தியதும் அந்த உருவம் விழுந்து விழுந்து சிரித்தது.

"நான்தான் கூட வர்றேனே, இவ எதுக்கு?"

"நீ பையைப் பாத்துக்கோ. இந்த அம்மா திட்ட மாட்டா."

குமுதவல்லி திரையை முறைத்தாள். பிறகு, அதே சிரிப்பை மகளிடம் சிரித்துக் காட்டினாள்.

யாழினி ஓரடி பின்வாங்கினாள். "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"