திருட்டு முழி

"திங்கிறாய்யா. நானாச் சொல்லல, அவளே ஒத்துக்கிட்டா."

கோரிப்பாளையம் டாக்டர் ஞானசீலனிடம் காசிமாயன் தன் மனைவியைக் கை காட்டினான். சமயநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். ஜெயக்கொடி குனிந்த தலை நிமிரவில்லை.

"தவறாம இன்சுலின் ஊசி போடுறோம். காலையில மூத்திரத்த நீல மருந்துல கொதிக்க வச்சா, செங்கல் கலருல வந்து நிக்குது சர்க்கரை. இனிப்பு உள்ள போகாம எப்படிய்யா வரும்? முழியப் பாருங்க, திருட்டு முழி. கை நடுங்குது. சும்மா உக்காந்திருக்கையில வேர்க்குது."

"போலீஸ்ல வேலை பாக்குறீங்களா?"

"இல்லய்யா, ரைஸ்மில்லுல. இன்னொரு தரம் அந்தக் கலரு வந்துச்சு, இவளை அவ அப்பன் வீட்டுல விட்டுட்டு வந்துருவேன்."

டாக்டர் அவளைக் கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தார். காற்றே இல்லாமல் தாள் படபடத்தது. ஒரு மிடறு தண்ணீர் விழுங்கச் சொன்னார். கழுத்தில் சின்ன மேடு ஒன்று ஏறி இறங்கியது.

போன வாரம் எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டைப் பிரித்தார்.

"இது தைராய்டு சுரப்பி. அளவுக்கு மீறி வேலை பாக்குது. அதான் ஈரல்ல சேந்திருக்கிற சர்க்கரையெல்லாம் ரத்தத்துல கொட்டுது. நீங்க போடுற இன்சுலினும் சீக்கிரமே கரைஞ்சு போகுது. முழி, நடுக்கம், வேர்வை எல்லாம் இது பண்ற வேலை. இந்தம்மா பட்டினி கிடந்தாலும் சர்க்கரை ஏறும். மாத்திரையில இதை அடக்கிட்டா, ஊசி அளவையே குறைக்கலாம்."

காசிமாயன் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருஷமாகப் பார்த்த கழுத்துதான். இம்புட்டுக்காணு இருந்துகொண்டு ஒரு உடம்பையே ஆட்டி வைக்கிறதே. அவனை அறியாமல் தோளில் கிடந்த துண்டு கைக்கு இறங்கியது.

"அப்ப... இவ திங்கவே இல்லையாய்யா?"

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "திங்காததை ஏம்மா தின்னேன்னு ஒத்துக்கிட்ட?"

ஜெயக்கொடி முந்தானை நுனியைத் திருகினாள்.

"மகதான் கடையில இனிப்பு வாங்கியாந்து எனக்குக் குடுக்குதுன்னு, பச்சப்புள்ளய இவுக விளாறால அடிச்சாகய்யா. நான் தின்னேன்னு சொன்ன பெறகுதான் நிறுத்துனாக."