வாந்தி வராத வண்டி

மலையடிவாரத்து முந்தல் தாண்டி முதல் வளைவு திரும்பியதும், வண்டிக்குள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அனுப்பிரியாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

மாமியார் கருத்தம்மா எலுமிச்சம்பழத்தை அவள் மூக்குக்கு நேராக நீட்டினாள். இன்னொரு கையில் பாலித்தீன் கவரை வாய் விரித்துப் பிடித்திருந்தாள்.

அனுப்பிரியா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

புருசன் தங்கபாண்டி கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். தலையில் தண்ணீர்க்குடம் வைத்தவள் நடப்பது போல வண்டி போனது.

வண்டி வாங்குகிறவர்கள் எஞ்சினைத் திறந்து பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள். இந்தக் குடும்பத்துக்கு அதெல்லாம் அப்புறம். மாசமாக இருக்கிற மருமகளை ஏற்றிக்கொண்டு மலை உச்சியில் இருக்கிற போடிமெட்டு வரைக்கும் போக வேண்டும். எந்த வண்டியில் அவளுக்கு வாந்தி வரவில்லையோ, அது வீட்டுக்கு வரும். கருத்தம்மா போட்ட சட்டம்.

போன வாரம் பார்த்த வெள்ளைக்கார் இரண்டாவது வளைவிலேயே தோற்றது. அதற்கடுத்தது முந்தலுக்கே வந்து சேரவில்லை.

இது மூன்றாவது. புரோக்கர் சீனிச்சாமி முன்சீட்டில் உட்கார்ந்து புகழ் பாடிக்கொண்டே வந்தார்.

"டேசன் வேகன் மாப்ளே இது! அத்தைய நடுவுல போடு, பிள்ளைகளப் பின்னால போடு, அதுக்கும் பின்னால ரெண்டு மூட்ட காய்கூடப் போடலாம். இன்னும் நாலு பெத்தாலும் எடம் பத்தும்."

"மொதல்ல இது நல்லபடியா வரட்டும். வாய வச்சுக்கிட்டுச் சும்மா வாய்யா" என்றாள் கருத்தம்மா.

போன வருசம் நல்லபடியாக வரவில்லை.

அப்போது தங்கபாண்டி குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஒன்றைச் சொந்தமாக ஓட்டிக்கொண்டிருந்தான். அனுப்பிரியாவும் அதில்தான் காய் எடுக்கப் போவாள். ஒருநாள் பாறைப்பாதையில் குலுங்கிக் குலுங்கி வீடு வந்து சேர்ந்தவளுக்கு, பொழுது விடிவதற்குள் மூன்று மாதக் கரு கலைந்துபோனது.

ஊரே அந்த ஜீப்பைத் திட்டியது. அவன் தன்னைத் திட்டிக்கொண்டான். மறுமாசமே ஜீப்பை விற்றுவிட்டு, மெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தான். குடும்பம் மலைக்கும் ஊருக்கும் போய்வர வண்டி வேண்டும். ஆனால் இனி அவள் ஏறுகிற வண்டி குலுங்கவே கூடாது.

இது குலுங்கவில்லை. அடுத்தடுத்து வளைவுகள் வந்தன, போயின. புலியூத்து அருவியும் கடந்தது.

மூட்டை ஏற்றிய லாரி ஒன்று கரும்புகையைக் கக்கிக்கொண்டு முன்னால் ஏறியது. அனுப்பிரியா கதவுக் கண்ணாடியை இறக்கினாள்.

"ஏத்து ஆத்தா கண்ணாடிய, பொக வருதுல்ல!" என்றாள் கருத்தம்மா.

அவள் காதில் விழாதவள் போல இருந்தாள். புகையை நெஞ்சு நிறைய இழுத்தாள்.

செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்து கால்மிதியை மோந்து பார்த்தாள். பழைய ரப்பர், யாரோ எப்போதோ சிந்திய மீன்குழம்பு. மற்ற நாளென்றால் குடலே வெளியே வந்திருக்கும்.

வாய் ஊறவில்லை. குமட்டவில்லை.

வீட்டில் விட்டுவந்த மூத்த மகள் வயிற்றில் இருந்தபோது ஐந்து மாசம் வரைக்கும் குடித்த பச்சைத்தண்ணீர்கூடத் தங்கவில்லை. இது மூன்றே மாசம்.

வந்துவிடு, வந்துவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே கடைசி வளைவையும் பார்த்தாள். அதுவும் பின்னால் போய்விட்டது.

போடிமெட்டில் பனி இறங்கியிருந்தது. எல்லோரும் இறங்கினார்கள். கருத்தம்மா கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்துக்கு அடியில் வைத்து, வண்டியின் முகப்பைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"அத்தே, இன்னும் வாங்கவே இல்ல, அதுக்குள்ள திருஷ்டி கழிக்கிறியே!" சீனிச்சாமி சிரித்தார்.

"வாங்கியாச்சுய்யா. என் மருமக வயிறு சொல்லிருச்சு."

தங்கபாண்டியும் சிரித்தான். ஒரு வருசத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் அவன் பல் தெரியச் சிரித்து அவள் பார்க்கிறாள். பக்கத்தில் வந்து நின்றான்.

"பாத்தியா? அன்னைக்கு எல்லாம் அந்தப் பாழாப்போன ஜீப்பு செஞ்ச வேலதான், அனு."

அவள் சக்கரத்துக்கு அடியில் இருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள்.

ஜீப்பு ஒன்றும் செய்யவில்லை. அதில் ஏறுவதற்கு முந்தின நாளே அவளுக்கு வாந்தி நின்றுபோயிருந்தது. தொல்லை விட்டதே என்ற சந்தோசத்தில்தான் அன்றைக்கு வேலைக்கே கிளம்பினாள்; வயிற்றில் உயிர் அடங்கித்தான் அது நின்றது என்று அப்புறம்தான் புரிந்தது.

இந்தத் தடவை நின்றது நேற்றுக் காலையில்.

அவள் போய்ப் பின்கதவைத் திறந்து, கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அங்க எதுக்குப் போற? வயித்தப் பெரட்டுமே" என்றான் தங்கபாண்டி.

"இருக்கட்டும் மாமா. எறக்கத்துல மெதுவாப் போகாத. வெரசாப் போ."