அரை அடி உயரம்

அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மகன் வாசலில் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தான்.

கூடுவாஞ்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து இறங்கிய ஜெனிட்டாவின் கண்ணில் முதலில் பட்டது அண்ணனுடைய கால்கள்தான். நான்கு சக்கரங்களும் கழற்றிச் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தன. ஜீப் இரும்புத் தாங்கிகளின் மேல் நின்றது. பக்கத்தில் பிரித்த அட்டைப்பெட்டி, புது ஸ்ப்ரிங் பட்டைகள், நீளமான ஷாக் அப்சார்பர்கள், பெரிய டயர்கள். ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்த செல்போனில் யாரோ இதே வேலையைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா பண்ற நீ?"

"வந்துட்டியா. உள்ள போ. அப்பா உன்ன கேட்டுகினே கீறாரு."

"நீ வரல?"

"இந்த போல்ட்டு ஏறட்டும்."

அண்ணி ரூத் ஜீப்பின் பக்கம் குந்தியிருந்தாள். கையெல்லாம் கிரீஸ். நாத்தனாரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

உள்ளே அத்தை தனகோடி கட்டிலருகே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"செங்கல்பட்டு ஆஸ்பத்திரில வூட்டுக்கு இட்டுகினு போங்கன்னுட்டாங்க. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணிட்டாரு. பெத்த புள்ள மட்டும் ரெண்டு நாளா வண்டிக்கு சிங்காரம் பண்ணிகினு கீறான்."

"எதுக்கு அத்த?"

"எதுக்கா? மழ வுட்டா மகாபலிபுரத்துல சீசனு. வெளியூர்க்காரங்கள ஏத்திகினு கடக்கரைல சுத்துவான். டப்பு வருதுல்ல. வண்டி ஒசரமா இருந்தா அதுக்கொரு மவுசு."

ஜெனிட்டா அப்பாவின் கையை எடுத்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது. முத்துசாமி கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஸ்டான்லி..."

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். சதுரங்கப்பட்டினம் பக்கம் வானம் கறுத்திருந்தது. ஜீப்புக்கு மேல் ஸ்டான்லி தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தான்.

"உன் பேர சொல்லி கூப்புடறாரு. எழுந்து வா."

"இன்னும் ஒரு பக்கம் பாக்கி கீது, ஜெனி."

"அது நாளைக்கு இருக்கும். அவரு இருப்பாரா?"

ஸ்பேனர் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா செத்தப்பவும் நீ இப்டித்தான். அடக்கம் முட்சிகினு வந்து யார் மூஞ்சியும் பாக்காம போயி படுத்துகின. ரெண்டு நாள் வாயத் தொறக்கல. நீ குட்ச்சிட்டு வந்தன்னு நெனச்சேன்."

ஸ்பேனர் நின்றது. ஜீப்புக்கு அடியிலிருந்து அவன் கை வெளியே நீண்டது.

"ரூத்து, அந்த பத்தொம்பது நம்பர் ஸ்பேனர எடு."

"நீங்க கூடவா அண்ணி?" என்றாள் ஜெனிட்டா. "நல்ல ஜோடிதான். நாளைக்கு அந்த வண்டியவே கட்டிகினு அழுங்க."

விறுவிறுவென்று உள்ளே போனாள். அப்பாவின் காதருகே குனிந்தாள். சொல்லக்கூடாதென்று தெரிந்தும் சொல்லிவிட்டாள்.

"அவன் வரமாட்டாம்பா. ஜீப்ப ஒசரம் ஏத்திகினு கீறான்."

முத்துசாமி கண்ணைத் திறந்தார்.

"எவ்ளோ... ஏறிச்சு?"

ஜெனிட்டாவுக்குப் புரியவில்லை. பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்ற ரூத் பதில் சொன்னாள்.

"முன்னாடி ரெண்டு பக்கமும் முட்ஞ்சிச்சு மாமா. பின்னாடி ஒண்ணுதான் பாக்கி. பெரிய டயரும் மாட்டிட்டா அரை அடி ஏறிடும்."

"தரைப்பாலம்..."

"தாண்டிடும் மாமா. காலைல போயி குச்சி வுட்டு பாத்துட்டுத்தான் வந்தாரு. தண்ணி வண்டிக்குள்ள வராது."

அவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெனிட்டா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓடையின் குறுக்கே இருக்கும் அந்தத் தரைப்பாலத்துக்கு அப்பால் கல்லறைத் தோட்டம் மட்டும்தான். மழைக்காலத்தில் பாலம் முழுகிவிடும். நனையாமல் போக மேட்டுவழி உண்டு. ஆனால் அது ஊர்க்காரர்களின் வயல் வழி. காலனிப் பிணம் எதுவும் அதில் போனதில்லை.

ரூத் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கம்மாவ எடுத்துகினு போசொல்ல, மழைன்னுட்டு பொம்பளைங்கள எல்லாம் கோயில்லயே நிறுத்திட்டாங்க இல்ல? பாலத்து மேல இடுப்பளவு தண்ணியாம். தூக்கினவங்களுக்கு காலு வழுக்கிடுச்சு. பொட்டி கைய வுட்டு தண்ணியோட போயிடுச்சு."

தனகோடியின் கையில் விசிறி நின்றுவிட்டது.

"மாமாவும் இவரும்தான் நீந்திப் போயி, முள்ளு மரத்துல மாட்டிகினு நின்ன பொட்டிய இழுத்துகினு வந்தாங்க. மண்ணுல வைக்கசொல்ல பொட்டில இருந்து தண்ணி ஊத்திகினே இருந்துச்சாம். உனுக்கு தெரியவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

தார்ப்பாயின் மேல் முதல் தூறல் விழும் சத்தம் கேட்டது. ஜெனிட்டா எழுந்தாள்.

"நான் போயி அவன கூட்டிகினு வரேன். ஒரு தபா பாத்துட்டுப் போவட்டும்."

அப்பாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடியில் வலு இருந்தது.

"கூப்புடாதம்மா. வேலைய முடிக்கட்டும்." ஒரு முழு மூச்சுக்குக் காத்திருந்து சொன்னார்: "நனையாம போவணும்னு நான்தான் அவனாண்ட கேட்டேன்."