மேசை விரிப்புக்கு நூல்

நூல் கடையின் ஜன்னல் வெளிச்சத்தில் நாத்தனார் உருண்டை உருண்டையாக எடுத்துப் பார்க்கிறாள். அண்ணியோ அவளையே பார்க்கிறாள். குரோஷாவில் மேசை விரிப்பு பின்னப் போகிறாளாம். அதற்கு முறுக்கேறிய மெல்லிய நூல்தான் சரி. கொக்கி ஊசி பிடித்த எவளுக்கும் தெரியும். கடைக்காரர் எடுத்து வைத்த அந்த நூலை ஒதுக்கிவிட்டு, முறுக்குத் தளர்ந்த, தடித்த பருத்தி நூலை எடுக்கிறாள் இவள். எங்கேயோ உதைக்கிறது.

"துவைச்சா தொளதொளன்னு ஆயிடுமே," என்கிறாள் அண்ணி.

"பரவால்ல அண்ணி, மேசைக்குத்தானே." முகம் கொடுக்காமல் சொல்கிறாள். உருண்டையைக் கன்னத்தில் மெல்லத் தேய்க்கிறாள். திருப்தியில்லாமல் அடுத்ததையும் எடுத்துத் தேய்க்கிறாள். மேசைக்கு ஏது கன்னம்? அண்ணிக்குச் சட்டென்று பொறி தட்டுகிறது. போன தடவை இரண்டாம் மாதமே எல்லோரிடமும் சொல்லிப் பூரித்தவளுக்கு, மூன்றாம் மாதம் அத்தனை பேரிடமும் கலைந்துபோனதைச் சொல்ல வேண்டி வந்தது. ஒதுக்கி வைத்த மெல்லிய நூலில் ஓர் உருண்டையை அண்ணி எடுத்துக் கூடையில் போடுகிறாள்.

"இது எதுக்கு அண்ணி?"

"வீட்ல கேட்டா மேசை விரிப்புன்னு எதையாவது காட்ட வேணாமா?"