கடைசி ஹால்ட்

பத்தாம் வகுப்பு பேண்ட் பிள்ளைகளை வழியனுப்பும் நாளில், கடைசி 'ஹால்ட்' சொல்வது பேண்ட் மாஸ்டர் அல்ல, பேண்ட் லீடர்தான். ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த அந்தப் பள்ளியின் பழைய வழக்கம் அது. இந்த வருடம் லீடர் வீணா.

அக்டோபரில் ஒருநாள் தர்ஷினி டிரம் குச்சியைக் கீழே போட்டுவிட்டாள். அதற்காக ஆதிகேசவன் மாஸ்டர் அவளை வெயிலில் தனியே நிறுத்தி, 'மார்க் டைம்' என்றார். நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிக்க வேண்டும். அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே போனவர், 'ஹால்ட்' சொல்ல மறந்துவிட்டார். ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு விழுந்த தர்ஷினி எழுந்திருக்கவேயில்லை. அவளுக்கு முன்பே இதயம் பலவீனம் என்று பள்ளி போலீஸில் எழுதிக் கொடுத்தது.

இன்று மைக்கில் அவள் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. வீணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினோரு பேர் மைதானத்தைச் சுற்றி வந்து, மேடைக்கு எதிரே வரிசைகளாக நின்று கால் மிதித்தார்கள். வீணா 'ஹால்ட்' என்றாள். எல்லாக் கால்களும் நின்றன. ஒரு ஜோடி ஷூ சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"யாரும்மா அது? காலை நிறுத்து," என்றார் மாஸ்டர்.

கடைசி வரிசையில், ஆளில்லாத இடத்தில், செம்மண் புழுதி இடமும் வலமுமாக மாறி மாறி எழுந்துகொண்டிருந்தது.

"நீங்க நிக்க வெச்ச பொண்ணு சார். நீங்க சொன்னாதான் நிறுத்துவா," என்றாள் வீணா.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. எல்லாரும் கலைஞ்சு போங்க." அவர் மைக்கை அணைத்தார்.

வீணா அந்த வெற்றிடத்தின் பக்கம் திரும்பினாள்.

"தர்ஷினி, ஃபார்வர்ட் மார்ச்."

புழுதி ஓரடி முன்னால் எழுந்தது. பிறகு இன்னும் ஓரடி, தாளம் தப்பாமல், மேடையை நோக்கி.